வெசேர் ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தென்மேற்கு பிரான்சில் வெசேர் என்றொரு நடுத்தரமான ஆறு ஓடுகிறது. மனிதன் வரைந்த மிகப் பழைய ஓவியங்களில் பலவும், பாறையைக் குடைந்து கட்டிய இடைக்கால ஊர்களும், கல் ஓடு வேய்ந்த கிராமங்களும் அதன் கரையில் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே போக நினைக்கும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கேள்வி: இந்தப் பள்ளத்தாக்கு சரியாக எங்கே இருக்கிறது?

மத்திய பிரான்சின் மில்வாஷ் மேட்டுநிலத்தில் பிறந்து, சுமார் 211 கிலோமீட்டர் ஓடி, லிமெய் என்ற சிற்றூரில் தொர்தோஞ் ஆற்றில் கலக்கிறது வெசேர். நாம் பார்க்கப் போவது அதன் கடைசிப் பகுதியை, அதாவது மொந்தினியாக் ஊரிலிருந்து லிமெய் வரைக்கும் உள்ள துண்டை மட்டும். நிர்வாகக் கணக்கில் இது தொர்தோஞ் மாவட்டம். உள்ளூர்க்காரர்கள் பழைய பெயரான பெரிகோர் என்றே சொல்வார்கள். நடுவில் இருக்கும் லேசேசிதான் எல்லாவற்றுக்கும் மையம். மொந்தினியாக்கிலிருந்து லேசேசிக்கு ஆற்றை ஒட்டியே போகும் டி 706 சாலை ஏறக்குறைய 25 கிலோமீட்டர். அரை மணி நேரத்தில் ஓட்டிவிடலாம். ஆனால் அந்த 25 கிலோமீட்டருக்குள் மூன்று நாளுக்கு வேலை இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை தொல்லிடங்கள் எப்படி?

பாறைதான் காரணம். கரையின் இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் செங்குத்துகள். அவற்றில் மென்மையான அடுக்குகளும் கடினமான அடுக்குகளும் மாறி மாறி வருகின்றன. பனியுகத்தில் நீர் உறைந்து உருகி, உறைந்து உருகி, மென்மையான அடுக்கு உள்வாங்கியது. மேலே இருந்த கடினமான அடுக்கு தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நின்றது. மழை படாது, தெற்கு பார்த்த பாறையாக இருந்தால் வெயிலும் காயும், கீழே ஆற்றில் தண்ணீர். கருவி செய்யச் சிக்கிமுக்கிக் கல்லும் அதே சுண்ணாம்புப் பாறையிலேயே கிடைக்கிறது. துருவ மான் கூட்டங்கள் கடந்துபோன வழி வேறு. குடியிருக்க இதைவிட நல்ல இடம் அன்றைக்குக் கிடைத்திருக்காது.

சுமார் 30க்கு 40 கிலோமீட்டர் பரப்பில் 147 தொல்லிடங்களும் 25 ஓவியக் குகைகளும் இருப்பதாக யுனெஸ்கோ கணக்கு. அவற்றில் 15 இடங்களை 1979இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

அங்கே போகும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்: ‘ஆதிமனிதர் இடம்’ என்றும் ‘இடைக்கால இடம்’ என்றும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காதீர்கள். ஒரே பாறைச் சுவரில்தான் எல்லோரும் மாறி மாறிக் குடியிருந்திருக்கிறார்கள். இன்றைக்கும் லேசேசியில் பல வீடுகளுக்குப் பின்சுவர் அந்தப் பாறைதான். முன்பக்கம் கதவும் ஜன்னலும், பின்பக்கம் மலை.

கேள்வி: லாஸ்கோ குகைக்குள் உண்மையிலேயே போக முடியாதா?

முடியாது. இந்தப் பள்ளத்தாக்கின் மிகப் புகழ்பெற்ற பனியுக ஓவியக் குகையான லாஸ்கோ 1963இலிருந்து பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கிறது.

கதை சுருக்கமாக இது. 1940 செப்டம்பர் 12ஆம் தேதி மர்செல் ரவிதா, ஜாக் மர்சால், ஜார்ஜ் அஞேல், சிமோன் கோயன்காஸ் என்ற நான்கு பையன்கள் மொந்தினியாக்குக்கு மேலே உள்ள குன்றில் ஒரு துவாரத்தைப் பெரிதாக்கி உள்ளே இறங்கினார்கள். நாட்டின் பாதி ஜெர்மானியர் கையில் இருந்த நேரம் அது. பாரிசிலிருந்து குடும்பத்தோடு தப்பி வந்திருந்த யூதச் சிறுவன் கோயன்காஸ். அவருடைய பெற்றோர் பின்னர் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்கள். நால்வரில் கடைசியாக இருந்த அவர் 2020இல் காலமானார்.

போர் முடிந்து 1948இல் குகையைத் திறந்தார்கள். 1950களில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அத்தனை பேரின் மூச்சுக்காற்றும் ஈரமும் உடல் சூடும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர வைத்தன, வெள்ளைச் சுண்ணப் படிவு ஏற வைத்தன. பதினேழாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கலையாமல் இருந்த நிறம் பதினைந்தே ஆண்டுகளில் ஆபத்துக்கு வந்துவிட்டது. அப்போது கலாசார அமைச்சராக இருந்த ஆந்த்ரே மால்ரோ மூட உத்தரவிட்டார். மூடிய பிறகும் தொல்லை ஓயவில்லை. 2001இல் வெள்ளைப் பூஞ்சணம் பரவியது. மூடியது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: அப்படியானால் நகலைப் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா?

போக வேண்டும். 2016 டிசம்பரில் திறந்த ‘நான்காம் லாஸ்கோ’ என்ற நகலில் குகையின் பெரும்பகுதியை அப்படியே அளவு பிசகாமல் வார்த்திருக்கிறார்கள், பாறையின் மேடு பள்ளம் உட்பட. 1983இல் திறந்த பழைய நகலான இரண்டாம் லாஸ்கோ இன்னும் மேலே காட்டுக்குள், அசல் குகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அது குகையின் ஒரு பகுதி மட்டும். ஆனால் முழுக்கக் கையால் தீட்டப்பட்டது, கூட்டமும் குறைவு. நேரம் இருந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றுதான் என்றால் நான்காவது.

உள்ளே போனதும் ‘காளைகளின் கூடம்’. மிகப் பெரிய காளை ஐந்து மீட்டருக்கும் மேல் நீளம். எந்தப் புத்தகப் படமும் அந்த அளவை உணர்த்தாது. காளையின் கால்களை மட்டும் கவனித்துப் பாருங்கள்: தொலைவில் இருக்கும் காலுக்கும் உடலுக்கும் நடுவே சிறிய இடைவெளி விட்டு வரைந்திருப்பார்கள். அந்த இடைவெளியால் கால் பின்னால் போய்விடுகிறது, ஆழம் வந்துவிடுகிறது. இதை நகலில்தான் நின்று நிதானமாகப் பார்க்க முடியும். அசல் குகைகளில் அவ்வளவு நேரம் நிற்க விடமாட்டார்கள்.

இன்னொன்று. குகையில் கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை துருவ மானுடையவை. அவர்கள் தின்றது அதைத்தான். ஆனால் சுவரில் இருக்கும் நூற்றுக்கணக்கான விலங்குகளில் துருவ மான் ஒன்றே ஒன்று. அதிகம் வரைந்தது குதிரை. ஆகவே வேட்டை நன்றாக அமைய வேண்டி வரைந்தார்கள் என்ற பழைய விளக்கம் இங்கே அவ்வளவு எளிதாகப் பொருந்தவில்லை.

கேள்வி: அசல் ஓவியத்தைப் பார்க்க வழியே இல்லையா?

இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்குக்குப் போவதற்கு முதல் காரணமே அதுதான் என்பேன். லேசேசிக்கு வெளியே ஃபோன் தெ கோம் என்ற குகை. பல நிறங்களில் தீட்டிய பனியுக ஓவியங்களை அசலாகக் காட்டும் குகை பிரான்சில் இன்றைக்கு இது ஒன்றுதான் திறந்திருக்கிறது. ஒரு நாளைக்கு மிகக் குறைந்த பேரை மட்டும் சிறு குழுக்களாக உள்ளே விடுகிறார்கள். பயணத் தேதி உறுதியானதும் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சீட்டை எடுப்பது. விமானச் சீட்டுகூட அப்புறம்தான்.

சீட்டு விற்கும் இடத்திலிருந்து குகை வாய்க்கு 400 மீட்டர் ஏற்றப் பாதை. உள்ளே இடுங்கிய நடை, சில இடங்களில் தோளைத் திருப்பித்தான் போக வேண்டும். முதலில் சுவரில் ஒன்றும் தெரியாது. வழிகாட்டி விளக்கை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்ப்பார். பாறையின் புடைப்பு ஒன்று நிழல் கொள்ளும், அது காட்டெருமையின் தோளாகும், பிறகு முதுகு, பிறகு கண். விளக்கை எடுத்தால் மறுபடி வெறும் பாறை.

ஓரிடத்தில் இரண்டு துருவ மான்கள். ஆண் கருப்பு, பெண் சிவப்பு. பெண் முன்னங்கால் மடித்து இருக்கிறது. ஆண் குனிந்து அதன் நெற்றியை நக்குகிறது. நிறம் மங்கிவிட்டதால் வழிகாட்டி கோடு கோடாகக் காட்டிக்கொண்டு வருவார். நாக்கு வரைக்கும் வந்ததும் குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுவது கேட்கும். இவர்கள் வேட்டையாடத்தான் மிருகங்களைப் பார்த்தார்கள் என்று இனி எனக்கு யாராலும் சொல்லி நம்ப வைக்க முடியாது.

கேள்வி: கொம்பரெல், ரூஃபினியாக், காப் பிளான் என்று பல பெயர்கள் சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒவ்வொன்றும் வேறு வகை. ஃபோன் தெ கோம் கிடைக்கவில்லை என்பதற்காக ‘பதிலுக்கு ஒன்று’ என்று எடுக்காதீர்கள்.

கொம்பரெல் கீறல் ஓவியங்களின் குகை. நூற்றுக்கணக்கான உருவங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கீறப்பட்டிருக்கும். ஆறேழு பேர் கொண்ட குழுதான் உள்ளே போகும். வரலாற்று ரீதியில் இதற்குத் தனி இடம் உண்டு. ஸ்பெயினில் அல்தமிரா குகை ஓவியங்களை 1879இல் கண்டறிந்தபோது அறிஞர்கள் பலரும் அவற்றைப் போலி என்று ஒதுக்கினார்கள். 1901 செப்டம்பரில் லேசேசி ஊர்ப் பள்ளி ஆசிரியர் தெனி பெரோனி, தன் நண்பர்கள் காப்பித்தான், புரோய் ஆகியோரோடு சேர்ந்து கொம்பரெல்லையும் சில நாட்களிலேயே ஃபோன் தெ கோமையும் அறிவித்தார். அடுத்த ஆண்டே, அல்தமிராவை மறுத்தவர்களில் முக்கியமானவரான எமில் கர்தைலாக் தன் தவறை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். பனியுகத்தில் ஓவியம் இருந்தது என்று உலகம் ஏற்றுக்கொண்டது இந்த ஊரின் இரண்டு குகைகளால்.

ரூஃபினியாக் மாமூத் யானைகளின் குகை. சின்ன மின்சார ரயிலில் உட்கார்ந்து சுமார் ஒரு கிலோமீட்டர் உள்ளே போகலாம். குகை மொத்தம் 8 கிலோமீட்டர். வழியெல்லாம் தரையில் வட்ட வட்டமான குழிகள்: குகைக் கரடிகள் குளிர்காலம் முழுக்கச் சுருண்டு படுத்த படுக்கைகள். சுவரில் அவற்றின் நகக் கீறல்கள். அந்தக் கீறல்களின் மேலேயே சில இடங்களில் மனிதன் மாமூத்தைக் கீறியிருக்கிறான், கரடி முந்தி, மனிதன் பிந்தி. மாமூத் உருவங்கள் 150க்கு மேல். கடைசியில் ‘பெரிய கூரை’ என்ற இடம். இன்று தரையைத் தாழ்த்தியிருக்கிறார்கள். வரைந்தபோது தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு மீட்டர்தான். மல்லாந்து படுத்துக்கொண்டே, முழு உருவத்தை ஒருமுறைகூடப் பார்க்க முடியாமல், அவ்வளவு பெரிய குதிரைகளையும் மாமூத்துகளையும் தப்பில்லாமல் வரைந்திருக்கிறார்கள்.

அதே கூரையில் பிற்காலத்தவர் மெழுகுவர்த்திப் புகையால் எழுதிய பெயர்களும் இருக்கின்றன. பார்த்தால் வயிறு எரியும். ஆனால் இந்தக் குகையை 1575லேயே ஒரு நூல் குறிப்பிடுகிறது, மக்கள் காலங்காலமாக வந்துபோன இடம் இது. 1956இல் ஓவியங்கள் அறிவிக்கப்பட்டபோது அவை அசலா போலியா என்று பெரிய சண்டையே நடந்தது.

காப் பிளான் சிற்பக்காரர்களுக்கு. பாறை ஒதுங்கிடத்தின் சுவரில் 13 மீட்டர் நீளத்துக்குக் குதிரைகள் புடைத்து நிற்கின்றன, நடுவில் உள்ளது ஏறக்குறைய உயிருள்ள குதிரை அளவே இருக்கும். 1909இல் கண்டெடுத்தார்கள். அதன் அடியில் புதைக்கப்பட்டிருந்த பெண்ணின் எலும்புக்கூடு 1926இல் சிக்காகோ அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. இங்கே இருப்பது நகல்.

என் பரிந்துரை: ஒரு நாளைக்கு ஓர் அசல் குகை போதும். இரண்டு மூன்று என்று அடுக்கினால் மாலையில் எந்த விலங்கு எந்தக் குகை என்பதே குழம்பிவிடும்.

கேள்வி: அருங்காட்சியகத்தைத் தவிர்க்கலாமா?

தவிர்க்காதீர்கள். முதல் நாளே போங்கள். லேசேசி தேசியத் தொல்வரலாற்று அருங்காட்சியகம் பழைய கோட்டையும் 2004இல் திறந்த புதுக் கட்டடமும் சேர்ந்தது, பாறையின் இடுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. கோட்டையை அருங்காட்சியகமாக்கத் தொடங்கியவரும் அதே பெரோனிதான். கல் கருவிகள் வரிசை வரிசையாக இருப்பதைப் பார்த்துச் சலித்துப் போகாதீர்கள். ஈட்டி எறியும் தண்டுகளில் செதுக்கிய விலங்குகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டிகளுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காட்டெருமை ஒன்று கழுத்தைத் திருப்பித் தன் விலாவை நக்குகிறது. உள்ளங்கையில் அடங்கும் கொம்புத் துண்டு அது, முழுத் தலையை நீட்டி வைக்க இடமில்லாததால் செதுக்கியவர் தலையைத் திருப்பிவிட்டிருக்கிறார். கிடைத்தது லா மதலேன் என்ற இடத்தில்.

அருங்காட்சியகத்திலிருந்து சில நிமிட நடையில் குரோ மாக்னன் ஒதுங்கிடம். 1868இல் ரயில் பாதை வேலைக்காக மண் எடுத்தபோது எலும்புகள் வெளிப்பட்டன. லூயி லார்த்தே ஆய்ந்தார். ஐரோப்பாவின் பனியுக மனிதருக்கு வைத்ததாகப் பள்ளிப் பாடத்தில் படித்த பெயர் இங்கே ஒரு சாதாரணப் பாறையடிதான். லூயியின் தந்தை எதுவார் லார்த்தே, நண்பர் ஹென்றி கிறிஸ்டியோடு இந்தப் பள்ளத்தாக்கில் தோண்டத் தொடங்கியது 1863இல். சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்ததும் அதே 1863தான். வட பிரான்சின் சொம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகள் அப்போது உலகெங்கும் கிளப்பிய பரபரப்பு இந்த இரண்டு தேடல்களுக்கும் பின்னால் இருந்தது.

கேள்வி: குகை ஓவியம் தவிர, பாறை ஊர்கள் என்கிறார்களே?

இரண்டு இடங்கள் முக்கியம்.

லா ரோக் சேன் கிரிஸ்தோஃப் ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரமுள்ள பாறைச் சுவர். ஐந்து அடுக்கு. நியாண்டர்தால் காலத்திலிருந்து ஆள் நடமாட்டம் உண்டு, இடைக்காலத்தில் முழு ஊரே அதில் இருந்தது. மரவீடுகள் போய்விட்டன. எஞ்சியிருப்பது பாறையில் வெட்டிய அடையாளங்கள்: உத்தரம் செருகிய சதுரத் துளைகள், மழைநீரை ஒதுக்கிய வாய்க்கால்கள், கால்நடை கட்டிய வளையங்கள், அடுப்புக் கரி படிந்த மூலை. ஒரு வரிசைத் துளைகளைப் பார்த்தால் அங்கே ஒரு மாடித் தளம் இருந்தது என்று கணக்குப் போட்டுவிடலாம். கத்தோலிக்கருக்கும் புரொட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மதப்போர்க் காலத்தில் புரொட்டஸ்டண்டுகள் அடைக்கலம் புகுந்தார்கள் என்பதால் 1588இல் அதை இடித்தார்கள். சரக்குத் தூக்கும் பழைய மரப் பொறிகளைத் திரும்பச் செய்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

லா மதலேன் இதைவிட அமைதியானது. ஆறு ஒரு முழு வளைவு போடும் இடத்தில், பாறைக்குள் ஒரு சிறு ஊர், அதற்கு ஒரு தேவாலயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே, ஆற்று மட்டத்தில், தொல்லிடம். பனியுகத்தின் கடைசிக் கட்டத்துப் பண்பாட்டுக்கே மக்தலேனியன் என்று இந்த இடத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1864இல் மாமூத் தந்தத்தில் மாமூத்தையே கீறிய துண்டு கிடைத்ததும் இங்கேதான். அழிந்துபோன அந்த விலங்கை மனிதன் கண்ணால் பார்த்தான் என்பதற்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

கேள்வி: கோட்டை, தேவாலயம்?

கொமார்க் கோட்டைக்குப் போங்கள். வண்டியை நிறுத்திவிட்டுக் காட்டுவழியாகக் கொஞ்சம் நடந்தால் பேன் ஓடையின் சதுப்புக்கு மேலே இடிந்த கோபுரம் எழுந்து நிற்கும். கீழே பாறைக்குடைவு வீடுகள், அதற்கும் கீழே பனியுகக் கீறல்கள் உள்ள குகை. குகை மூடியிருக்கும், ஆனால் இருக்கிறது என்று தெரிந்து நிற்பதே போதும். எதிர்க்கரையில் லோசெல். கொம்பைக் கையில் ஏந்திய புகழ்பெற்ற பெண் சிற்பம் 1911இல் அங்கே கிடைத்தது. இப்போது போர்தோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஊர்களில் சேன் லெயோன். ஆற்றோரமாகவே பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயம், கூரை முழுக்கத் தட்டைச் சுண்ணாம்புக் கல் பலகைகள். ஆணி கிடையாது, எடையாலேயே நிற்கிறது, ஒரு சதுர மீட்டர் கூரை அரை டன் அளவுக்குக் கனக்கும். அதைத் தாங்கத்தான் கூரை அவ்வளவு செங்குத்தாகவும், கீழே மரச்சட்டம் அவ்வளவு நெருக்கமாகவும் இருக்கிறது. இந்த ஊருக்கு மேலே உள்ள குன்றில் 1970களில் தொடங்கிய திபெத்தியப் பௌத்த மையம் ஒன்றும் உண்டு.

சேன் அமான் தெ கொலி மடத்துத் தேவாலயம் சற்று விலகியிருக்கிறது. கோட்டையா கோயிலா என்று சொல்ல முடியாத தடித்த சுவர். கூட்டமே இருக்காது.

கேள்வி: மீன் சிற்பம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

லேசேசிக்கு அருகே சிறு ஒதுங்கிடம், ‘மீன் ஒதுங்கிடம்’ என்றே பெயர். கூரையில் ஒரு மீட்டர் நீள சால்மன், சுமார் 25,000 ஆண்டுப் பழையது. தாடை வளைவுகூடத் தெரியும். அதைச் சுற்றி நாற்புறமும் ஆழமான துளைகள். 1912இல் மீன் அடையாளம் தெரிந்த உடனேயே பாறையோடு பெயர்த்து பெர்லினுக்கு விற்கப் பார்த்தார்கள். அரசு தலையிட்டு நிறுத்தியது. பாதி வேலையில் விட்டுப்போன அந்தத் துளைகள் மீனைவிட உரக்கப் பேசும். குறிப்பிட்ட நேரங்களில் முன்பதிவோடு மட்டுமே பார்க்கலாம்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களே விடுமுறைக்கு வந்து குவிவார்கள், வெயிலும் சில நாள் 35 டிகிரியைத் தாண்டும். ஜனவரியில் பல இடங்கள் மூடியிருக்கும். அக்டோபரில் அக்ரூட் உதிரும், காலையில் ஆற்றின் மேல் மூடுபனி நிற்கும், அழகுக்குக் குறைவில்லை. எந்த மாதமானாலும் குகைக்குள் 13 டிகிரிதான், கம்பளிச் சட்டை ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

கேள்வி: கார் இல்லாமல் முடியுமா?

பாதி முடியும். பெரிகே நகரிலிருந்து லேசேசிக்கு வட்டார ரயில் உண்டு, ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். லேசேசியில் தங்கினால் அருங்காட்சியகம், குரோ மாக்னன், ஃபோன் தெ கோம் எல்லாம் நடை தூரம். மற்ற இடங்களுக்கு வாடகைக் கார் அல்லது மின்சைக்கிள் வேண்டும். பேருந்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். கார் ஓட்டுகிறவர்கள் சொந்த ஊர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்க ஓட்டம். சின்ன ஊர்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை.

கேள்வி: ஆற்றில் படகு?

கண்டிப்பாக. வெசேர் இங்கே மெதுவாக ஓடுகிறது, கோடையில் பல இடங்களில் இடுப்பளவுதான். சேன் லெயோனில் கனூ எடுத்து லேசேசி வரை வந்தால் பாறை ஊர்களை அவற்றைக் கட்டியவர்கள் பார்த்த கோணத்தில், கீழிருந்து பார்க்கலாம். திரும்பக் கூட்டிவருவது வாடகைக்காரர்களின் பொறுப்பு. தொப்பி, குடிநீர், நனையாத பை.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இது வாத்து, கூஸ் வாத்து நாடு. ‘சார்லா உருளைக்கிழங்கு’ என்று உணவுப் பட்டியலில் பார்த்து நம்பிக்கையோடு கேட்காதீர்கள், வாத்துக் கொழுப்பில் வறுத்துப் பூண்டும் பார்ஸ்லியும் தூவுவார்கள். சைவர்கள் முட்டை, பாலாடைக்கட்டி சாப்பிட்டால் சிரமமில்லை. சூடாக்கிய ஆட்டுப்பால் கட்டி வைத்த சாலட் எல்லாக் கடையிலும் உண்டு, மேலே அக்ரூட் பருப்பும் அக்ரூட் எண்ணெயும். நான் அந்த எண்ணெய்க்காகவே திரும்பப் போவேன்.

சமையலறையோடு வீடு எடுப்பது இன்னும் நல்லது. ‘ஜீத்’ என்பார்கள், பண்ணை வீடுகளை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவது. கோடையில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை என்றுதான் தருவார்கள். அரிசியும் பொடிகளும் கையோடு கொண்டுபோனால் காய்கறிக்குச் சந்தை இருக்கிறது. செவ்வாய் லெ புக், புதன் மொந்தினியாக், புதனும் சனியும் சார்லா. சனிக்கிழமைச் சார்லா சந்தைக்கு ஒன்பது மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பத்துக்கு மேல் நிறுத்த இடம் கிடைக்காது. உணவகங்களில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான். இரண்டரைக்குப் போனால் சமையலறை மூடியிருக்கும், எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காது.

கேள்வி: மூன்றே நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

முதல் நாள் காலை அருங்காட்சியகம், மதியம் ஃபோன் தெ கோம், மாலை ஊரைச் சுற்றி நடை. இரண்டாம் நாள் லாஸ்கோவோடு தொடங்கி, சேன் லெயோனில் மதியச் சாப்பாடு, பிறகு லா ரோக் சேன் கிரிஸ்தோஃப். மூன்றாம் நாள் ரூஃபினியாக், பின்னேரம் கனூ அல்லது கொமார்க். சார்லா நகரையும் தொர்தோஞ் கரைக் கோட்டைகளையும் இதற்குள் திணிக்காதீர்கள். அவை அருமையானவை, ஆனால் அவற்றுக்கு வேறு மூன்று நாள் வேண்டும்.

கேள்வி: வயதானவர்கள், குழந்தைகளோடு போகலாமா?

ரூஃபினியாக்கில் நடையே குறைவு. நான்காம் லாஸ்கோவில் சக்கர நாற்காலி போகும். ஃபோன் தெ கோம், கொம்பரெல் இரண்டும் இடுக்கமானவை, மூச்சடைப்பு பயம் உள்ளவர்கள் வேண்டாம். கைக்குழந்தை வண்டி இந்த இரண்டு குகைகளுக்குள்ளும் போகாது.

கேள்வி: குகையில் படம் எடுக்கலாமா?

அசல் குகைகளில் கூடாது. சுவரைத் தொடவும் கூடாது, பை உரசவும் கூடாது. பெரிய பைகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இந்த விதிகளை ஒரு தொந்தரவாக நினைக்காதீர்கள். லாஸ்கோவுக்கு நடந்ததுதான் அவற்றுக்குப் பின்னால் இருக்கிறது.

கேள்வி: பிரெஞ்சு தெரியாது. சமாளிக்கலாமா?

கடைக்குள் நுழையும்போது ‘போன்ஷூர்’ சொல்லுங்கள், அதைச் சொல்லாமல் நேரே கேள்வி கேட்டால் முகம் சுருங்கும். பெரிய இடங்களில் ஆங்கிலச் சுற்று இருக்கும், சில குறிப்பிட்ட நேரத்தில் மட்டும், சீட்டு எடுக்கும்போதே பார்த்து எடுங்கள். சிறு குகைகளில் பிரெஞ்சு மட்டும் என்றாலும் தயங்காதீர்கள். வழிகாட்டியின் விளக்கு எங்கே போகிறதோ அங்கே பாருங்கள்.

கேள்வி: நடைபாதைகள் எப்படி? ஆபத்து ஏதும் உண்டா?

ஜி.ஆர். 6, ஜி.ஆர். 36 என்ற நெடும்பாதைகள் லேசேசி வழியே போகின்றன, வெள்ளை-சிவப்புக் கோடு அடையாளம். ஊர்ச் சுற்றுப் பாதைகளுக்கு மஞ்சள். ஓக் காடுகளில் உண்ணி உண்டு. முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு, இரவில் முழங்கால் மடிப்பைப் பார்த்துவிடுங்கள். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். பாதையோரம் வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால் அந்த வழியை விட்டுவிட்டு வேறு பாதை பிடியுங்கள், பளிச்சென்ற நிறத்தில் மேல்சட்டை போடுங்கள். பள்ளத்தாக்கின் இடுக்குகளில் கைபேசி சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசர எண் 112.